நாலு புலியூரும் ஒரு தேடல் பெட்டியும்

"புலியூர்" என்று தட்டினால் தேடல் பெட்டி எதைக் காட்ட வேண்டும்?

கடலூர்க்காரர் யாரைக் கேட்டாலும் திருப்பாதிரிப்புலியூர் என்பார். அங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். சிதம்பரத்துக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்; தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர் உண்டே என்பார். காட்டுமன்னார்கோயில் பக்கம் போனால் ஓமாம்புலியூர். விருத்தாசலம் பக்கம் ராஜேந்திரப்பட்டினம் என்று ஒரு ஊர், தேவாரத்தில் அதன் பெயர் எருக்கத்தம்புலியூர். நாலும் இன்றைய கடலூர் மாவட்டத்துக்குள். நாலும் பாடல் பெற்ற தலங்கள். ஐந்தாவதாகத் திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரும்புலியூரும் இருக்கிறது, அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இந்தக் கேள்வி எனக்கு வந்த இடம் ஒரு ஹேக்கத்தான். கடலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 24 மணி நேரப் போட்டி. வழிகாட்டி என்ற பெயரில் போயிருந்தேன். ஒரு குழு எடுத்துக்கொண்ட வேலை: மாவட்டத்தில் ஏதாவது ஒரு ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த ஊருக்குரிய தேவாரப் பதிகங்கள் வர வேண்டும். நல்ல யோசனை. வந்த முதல் கேள்வி, "சார், எந்த லைப்ரரி போடலாம்?"

லைப்ரரிக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம், கீழே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தப் பசங்களுக்கு உண்மையில் உதவியது ஆயிரம் வருஷமாகப் பல பேர் போட்டு வைத்த பட்டியல்கள்தான். அதில் சில முக்கியமான வேலைகள் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் நடந்தவை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தில்லையில் திருமுறை கண்ட கதை எல்லோருக்கும் தெரியும். திருமுறைகண்ட புராணம் சொல்வது இது. மூவர் பாடல்களைத் தேடிய சோழ மன்னர் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியிடம் போகிறார். சுவடிகள் தில்லைக் கோயிலில் ஒரு அறையில் பூட்டிக் கிடக்கின்றன என்று தெரிகிறது. பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள். மூவர் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறந்தால் உள்ளே கறையான் புற்று. மிஞ்சியதை எடுத்து நம்பி வகுக்கிறார். பண் எது என்று தெரியாமல் போனதால் எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அமைக்கிறார்கள். திருநாரையூர், தில்லை, எருக்கத்தம்புலியூர் மூன்றுமே கடலூர் மாவட்டம் என்பதைக் கவனியுங்கள்.

இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ராஜராஜனுக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவார் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆக, பாட்டு முழுவதும் அறைக்குள் பூட்டிக் கிடக்கவில்லை, கோயில்களில் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரரையும், உடுக்கைக்கு ஒருவர், மத்தளத்துக்கு ஒருவர் என்று மொத்தம் 50 பேரையும் நியமித்தான். ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்குப் பாட்டு புழக்கத்தில் இருந்திருக்கிறது.

அப்படியானால் தில்லையில் என்னதான் "கிடைத்தது"? என் வாசிப்பு இது: சிதறிக் கிடந்ததற்கு ஒரு வரிசை கிடைத்தது. முதல் மூன்று திருமுறை சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர். சம்பந்தர் பதிகங்களும் சுந்தரர் பதிகங்களும் பண்வாரியாக. அப்பரில் நாலாம் திருமுறை பண்ணும் நேரிசையும் விருத்தமும், ஐந்தாவது குறுந்தொகை, ஆறாவது தாண்டகம் என்று யாப்புவாரியாக. எங்கள் தொழில் மொழியில் சொன்னால் முதல் சாவி ஆசிரியர், இரண்டாவது சாவி பண் அல்லது யாப்பு. பாடுகிறவருக்கு ஏற்ற அட்டவணை. இன்று இந்தக் காந்தாரப் பண்ணில் என்ன பாடலாம் என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கும்.

ஆனால் கோயிலுக்குப் போகிறவருக்கு இது உதவாது. அவருக்கு ஊர் வேண்டும். அதற்காக வந்தது தலமுறை. பதிகங்கள் அதேதான், வரிசை மட்டும் ஊர்வாரி. சிதம்பரம் முதலில், வெறுமனே "கோயில்" என்று போட்டிருக்கும், சைவர்களுக்கு அடைமொழி இல்லாமல் கோயில் என்றால் அதுதான். அப்புறம் காவிரி வடகரை 63, பிறகு தென்கரை, பாண்டி நாடு, நடுநாடு 22 என்று போகும். ஒரே தரவுக்கு இரண்டு அட்டவணை! ஒவ்வொரு தரவுதளப் பாடப் புத்தகத்திலும் இருக்க வேண்டிய உதாரணம்.

அந்தக் குழு இங்கேதான் முதலில் மாட்டியது. தலமுறைப் பட்டியலை எடுத்து அதை வைத்து "கடலூர் மாவட்டம்" என்று வடிகட்டப் பார்த்தார்கள். வடிகட்ட முடியாது. தில்லை, திருவேட்களம், திருநெல்வாயில், திருக்கழிப்பாலை, ஓமாம்புலியூர் எல்லாம் காவிரி வடகரைச் சோழநாட்டில் வரும். பாதிரிப்புலியூர், அதிகை, முதுகுன்றம், எருக்கத்தம்புலியூர் நடுநாட்டில் வரும். மாவட்டமோ 1993இல் தென்னாற்காட்டைப் பிரித்தபோது வந்தது. ஒரு வரைபடம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. கையால்தான் போட வேண்டியிருந்தது. ஒரு பெண் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் போட்டு முடித்தார். அந்த 24 மணி நேரத்தில் நடந்த மிக உபயோகமான வேலை அதுதான் என்பது என் கட்சி.

ஊருக்கு எத்தனை பெயர் என்பதும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. சிதம்பரத்துக்குத் தில்லை, சிற்றம்பலம், அம்பலம், புலியூர். விருத்தாசலத்துக்கு முதுகுன்றம், பழமலை. திருவதிகைக்கு வெறும் அதிகை. ஆற்றின் பெயரோடு சேர்த்துக் கெடில வீரட்டானம். கடலூரில்தான் பெரிய வம்பு. அந்த ஊருக்குக் கூடலூர் என்று பழைய பெயர், ஆங்கிலேயர் வாயில் நுழைந்து திரும்பியது அதுதான். சரி, "கூடல்" என்று தேடுவோம் என்று தேடினால் தேவாரத்தில் வருவது மதுரை! நான்மாடக்கூடல். கெடிலக் கரையில் கேட்டதற்கு வைகைக் கரையில் பதில். இதையெல்லாம் எந்தத் தேடல் இயந்திரமும் தானாகக் கண்டுபிடிக்காது. "கோயில்" என்ற சொல் சில இடத்தில் பொதுப்பெயர், சில இடத்தில் சிதம்பரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(சும்மா ஒரு தகவல்: புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், 1906இல். இயற்பெயர் விருத்தாசலம். ஊரைத் தேடினால் ஆளும் ஆளைத் தேடினால் ஊரும் வரும்.)

அடுத்தது அகரவரிசை. சொல்லைத் தேட அகராதியைப் புரட்டுவது நமக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பழைய நிகண்டுகள் அப்படி இல்லை. திவாகரம், பிங்கலம் எல்லாம் பொருள்வாரி: தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி தொகுதியாக. மனப்பாடம் செய்தவருக்கு வேகம், மற்றவருக்குக் கஷ்டம். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் மண்டல புருடர் எதுகைப்படி அடுக்கினார், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து. செய்யுள் எழுதுகிறவனுக்கு வேண்டியது அது.

முதலெழுத்தை வைத்து அகர வரிசையில் அடுக்கி, "அகராதி" என்ற பெயரையும் கொடுத்த நூல் அகராதி நிகண்டு. ஆண்டு 1594. ஆசிரியர் சிதம்பர இரேவண சித்தர். பெயரிலேயே சிதம்பரம். இன்று நாம் தினமும் சொல்லும் சொல்லின் மூலம் இது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. வீரமாமுனிவர் என்று மட்டும் படித்தோம். அவருடைய சதுரகராதி 1732இல், இரேவண சித்தருக்கு 138 வருஷம் கழித்து. முனிவரின் வேலையும் லேசுப்பட்டதல்ல. பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு அகராதியை ஒரே நூலில் போட்டார். ஒரே சொற்களஞ்சியத்துக்கு நாலு வாசல். தொடையகராதி எதுகைச் சொற்களைத் தேட. அதற்கு இணையான ஒரு இலவசத் தேடல் சேவையை இன்று யாராவது ஒழுங்காகச் செய்தால் பாட்டு எழுதுகிற பையன்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

20ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வந்து, 1939இல் அனுபந்தமும் சேர்ந்து, லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களோடு நின்றது. அதன் பிறகு சொல்லடைவு காலம். ஒரு நூலில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று அட்டையில் எழுதி, அடுக்கி, அச்சிடுவது. புறநானூற்றுக்கு வ.அய். சுப்பிரமணியம் 1962இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் செய்தார். 1966இல் சென்னையிலிருந்து ந. சுப்பிரமணியனின் பல்லவர்க்கு முந்திய தமிழ் நூல்களுக்கான அடைவு. கடலூருக்கு அடுத்த வீடான புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ்ச் சொல்லடைவை வெளியிட்டது. சிதம்பரத்தில், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. ச. அகத்தியலிங்கம் பதிற்றுப்பத்தை மையமாக வைத்து எழுதிய பழந்தமிழ் இலக்கணம் 1979இல் அங்கிருந்து வெளிவந்தது. சொல்லை எங்கே வெட்டுவது, எது பகுதி, எது விகுதி என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து தீர்மானிக்கும் வேலை. இன்று நாம் "டோக்கனைசர்", "ஸ்டெம்மர்" என்று சொல்லும் இரண்டும் அந்த வேலைதான். பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே திருவேட்களம் கோயில் இருக்கிறது, சம்பந்தரும் அப்பரும் பாடியது. அதனால் அங்கே படித்தவர்கள் தேவாரத்துக்குள்தான் நடமாடியிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

உலகத்தில் வேறு எங்கேயும் இதே கதைதான். இத்தாலியப் பாதிரியார் ராபர்ட்டோ பூசா 1949இல் ஐபிஎம் தலைவர் வாட்சனைப் போய்ப் பார்த்து, தாமஸ் அக்வினாஸின் லத்தீன் நூல்கள் முழுவதுக்கும் துளை அட்டையில் சொல்லடைவு போடத் தொடங்கினார். அச்சில் 56 தொகுதி ஆனது, முப்பது வருஷ உழைப்பு. லத்தீனில் ஒரு சொல்லுக்கு வேற்றுமை உருபு ஏறினால் வடிவம் மாறும், ஆகவே வடிவத்தை மட்டும் எண்ணினால் போதாது, வேர்ச்சொல்லுக்குக் கொண்டு போக வேண்டும் என்று அவர் அன்றே கண்டார். தமிழ்க்காரனுக்கு அது ஆச்சரியமே இல்லை. மரம், மரத்தை, மரத்தில் என்று தினமும் பார்க்கிறோம். சங்க நூல்களுக்குக் கணினி வழியே ஒரு முழுச் சொல்லடைவை தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் 1992இல் கொண்டு வந்தார்கள்.

அப்புறம் இணையம். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம். முதல் நூல் திருக்குறள். அப்போது யூனிகோடு தமிழ் புழக்கத்தில் இல்லை. யூனிகோடு பட்டியலில் தமிழ் 1991இலேயே இடம் பிடித்திருந்தாலும் கணினிகளில் வந்து சேரப் பல வருஷம் ஆனது. மயிலை, இணைமதி என்று எழுத்துருக்கள், பிறகு திஸ்கி, பிறகு யூனிகோடு என்று ஒரே நூலை மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள். ஏழு தேவாரத் திருமுறைகளும் அங்கே கிடைக்கும். 2007இல் புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும் தூரகிழக்குப் பள்ளியும் சேர்ந்து "கணினித் தேவாரம்" வெளியிட்டன. வி.எம். சுப்பிரமணிய அய்யரின் ஆங்கில உரையை ழான்-லுக் செவியார், எஸ்.ஏ.எஸ். சர்மா இருவரும் தொகுத்தது. சொல்லடைவு, தல வரைபடம் இரண்டும் உண்டு. நம் குழு செய்ய நினைத்ததன் அண்ணன்.

சரி, இனி 24 மணி நேரத்தில் என்ன செய்யலாம்.

முதல் பொறி யூனிகோடு. "கொ" என்பதில் வரும் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. எல்லா உரையையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஔகாரத்தை "ஒ", "ள" என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பதை அது சரி செய்யாது. அதற்குத் தனியாக விதி போட வேண்டும்.

இரண்டாவது பொறி பைத்தான். அதில் சொல்லைப் பிரிக்கப் பயன்படும் வழக்கமான ரெகெக்ஸ், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணாது. "தமிழ்" என்று கொடுத்தால் "தம", "ழ" என்று இரண்டு துண்டு வரும். மொழியின் பெயரையே உடைக்கும் கருவி! "ரெகெக்ஸ்" என்ற பெயரிலேயே இருக்கும் தனி மாட்யூலைப் போட்டால் சரியாகும். எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5இலும் இதே சிக்கல். அதன் இயல்பான அமைப்பில் எழுத்தும் எண்ணும்தான் சொல்லின் பாகம். எம்சி, எம்என் என்ற இரு குறி வகைகளையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஒரு வரி மாற்றம்தான், ஆனால் தெரியாவிட்டால் விடிய விடிய உட்கார வேண்டியதுதான்.

மூன்றாவது, ஸ்டெம்மர். ஸ்னோபாலில் தமிழுக்கு ஒன்று உண்டு. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12இலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. செய்திக் கட்டுரை, வலைப்பதிவு இதற்கெல்லாம் போதும். தேவாரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். செய்யுளில் சொல் உருபை ஏற்பது மட்டுமில்லை, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. பெரும்பற்றப்புலியூரின் நடுவில் இருக்கும் புலியூரை ஸ்டெம்மர் பார்க்காது.

இதற்கு எங்களுக்கு ஓடியது டிரைகிராம்: உரையை மூன்று மூன்று குறியாக நறுக்கி வைப்பது. எஃப்டிஎஸ்5இல் 2020 டிசம்பர் முதல் உண்டு. சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கவலையே இல்லை. கூடவே ஒரு சின்ன உத்தி. தேடும் சொல்லின் கடைசிப் புள்ளியை எடுத்துவிடுங்கள். "புலியூர்" என்று தேடினால் "புலியூரை" கிடைக்காது, ஏனென்றால் ஐகாரம் ஏறியதும் புள்ளி போய்விடும். "புலியூர" என்று தேடினால் இரண்டும் கிடைக்கும், கணினியைப் பொறுத்தவரை புள்ளியும் ஐகாரமும் ரகரத்துக்குப் பின்னால் வரும் ஒட்டுக்கள்தானே. மகர ஈறாக இருந்தால் "ம்" முழுவதையும் எடுத்துவிடலாம்: "கெடில" என்று தேடினால் கெடிலம், கெடில வீரட்டானம் இரண்டும் வரும். "கூடல்" கூடற் என்று திரியும் இடங்களுக்கு மட்டும் தனி வரி. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. தேடுவதற்காக நாமும் புள்ளியைக் கழற்றிவிட்டு ஓலைக் காலத்துக்கே போகிறோம்.

நான்காவது, எதை ஒரு ஆவணம் என்று எண்ணுவது? பாடலையா, பதிகத்தையா? பதிகத்தின் பாடல்தோறும் ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வரும். பாடலை ஆவணமாக வைத்தால் முதல் பக்கம் முழுவதும் ஒரே பதிகத்தின் பத்துப் பாட்டு நிரம்பிவிடும். பதிகத்தை வையுங்கள். சம்பந்தர் இதில் நமக்கு ரொம்ப ஒத்தாசை செய்திருக்கிறார். அவருடைய பதிகங்களில் பெரும்பாலும் எட்டாவது பாட்டில் ராவணன், பத்தாவதில் சமணரும் பௌத்தரும், கடைசியில் தன் பெயரும் பதிகத்தின் பலனும், பெரும்பாலும் ஊரும். 7ஆம் நூற்றாண்டிலேயே ஆசிரியர் பெயரைத் தரவுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார். ஒன்பதாவது பாட்டு எதைப் பற்றி என்று தெரியுமா? திருமாலும் பிரமனும் அடிமுடி தேடிக் கிடைக்காமல் போனது. தேடல் பொறியியல் படிப்பவர்கள் அறையில் மாட்டி வைக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அந்தக் குழுவோடு சண்டை போட்டேன். மதுரைத் திட்டக் கோப்புகளின் தலைப்பகுதியில் உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர்கள் இருக்கும். இந்தத் தலைப்பகுதியை அப்படியே வைத்திருந்தால் கோப்பை யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்பதுதான் அங்கே உள்ள ஒரே நிபந்தனை. இவர்கள் தரவைச் சுத்தம் செய்யும் நிரலில் முதல் வேலையே அந்தப் பகுதியை வெட்டுவது. "அது குப்பை சார், தேடல் முடிவில் வந்து நிக்குது" என்றான் ஒருவன். வந்து நிற்கத்தான் செய்கிறது, அவன் சொன்னது தொழில்நுட்பப்படி சரி. ஆனால் பகல் வேலை முடித்து ராத்திரி உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பாடல்களைத் தட்டியவர்களுக்குக் கூலி என்று கிடைத்தது அந்தப் பெயர் மட்டும்தான். தில்லையில் கறையான் தின்றது போக மிஞ்சியது 800க்கும் குறைவான பதிகம் என்று வருத்தப்படுகிற நாமே, மிஞ்சியதைக் கொண்டு வந்து சேர்த்தவர்களை ஒரு வரி நிரலால் அழிக்கலாமா? அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு அட்டவணையில் "உள்ளீடு", "மெய்ப்பு" என்று இரண்டு நிரல் கூடியது. பதிகத்தின் கீழே சின்ன எழுத்தில் பெயர் வருகிற மாதிரி செய்தார்கள்.

முடிவில் "புலியூர்" என்று தட்டினால் அவர்களுடைய பக்கம் பதிகத்தைக் காட்டவில்லை. ஒரு வரைபடம், அதில் நாலு புள்ளி, எந்தப் புலியூர் என்று ஒரு கேள்வி. எனக்கு அது பிடித்திருந்தது. ஐந்தாவது புலியூர் மாவட்டத்துக்கு வெளியே என்பதால் விடப்பட்டுவிட்டது, திருவையாற்றுக்காரர்கள் மன்னிக்க.

தொடையகராதியை வைத்து எதுகைத் தேடல் ஒன்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் எழுத்தைப் பிடிப்பது நினைத்ததைவிடச் சுலபமாக இருக்கிறது. அதற்கு முன் வரும் எழுத்து குறிலா நெடிலா என்று பார்ப்பதில்தான் வேலை. ஓடத் தொடங்கியதும் நிரலோடு இங்கேயே எழுதுகிறேன்.